"மற்றவை" என்று பெயரிட்ட பெட்டி

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் மாலை நாலரைக்கு வேலை. அதற்கு முன் திண்டிவனத்தில் இறங்கி ஒரு தவறைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தவறு என்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. யாரோ சரியாகத் தேடத் தெரியாமல் கூப்பிடுகிறார்கள் என்ற எரிச்சலோடுதான் போனேன்.

பழைய ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் அடுக்கிக் கொடுப்பது என் தொழில். அந்தக் கல்லூரியின் ஆய்வேடுகளுக்கு நான் போட்ட அடுக்கு எல்லோருக்கும் பிடித்திருந்தது. அந்தக் கர்வத்தில் அதையே கொஞ்சம் மாற்றி, திண்டிவனம் பக்கத்து மாதா கோயில் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும் போட்டுவிட்டேன். துறை இருந்த இடத்தில் ஊர், பிறகு ஆண்டு, பிறகு தந்தை பெயர்.

எட்டரைக்குத் திண்டிவனம். இரண்டு இட்லி, ஒரு டீ. மரக்காணம் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போக ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். காலடியில் மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலை வாசம். பெருமுக்கல் மலை தெரிய ஆரம்பித்ததும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"யாரு வூட்டுக்கும்மா?"

"யார் வீட்டுக்கும் இல்லைங்க, சர்ச் ஆபீசுக்கு."

"அப்ப யாரு வூட்டுப் பொண்ணு நீங்க?"

தாம்பரம் என்றேன். அது பதிலே இல்லை என்பது போல அவர் சாலையைப் பார்த்துக்கொண்டார்.

கோயில் அலுவலகத்தைக் கவனிக்கும் ஸ்டெல்லா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்வி, ஊர் வல்லம். அவள் கல்யாண அறிவிப்பை, அங்கே அதை ஓலை என்பார்கள், மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்று இல்லாமல் வாசிக்க மாட்டார்கள்.

"நாளன்னிக்கு மொத ஓலைங்க. மூணு வாரமா தேடிக்கினு இருக்கோம். இந்தப் பொண்ணு பேரே இல்ல" என்றார் ஸ்டெல்லா.

பதிவேட்டையே புரட்டலாம் என்றால், படமெடுத்தாயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று அவற்றை நகரத்துக் காப்பறைக்கு அனுப்பச் சொன்னவள் நான்தான். மராமத்துக்காக ஒரு மாதமாக மூடிக் கிடந்த அது திங்கட்கிழமைதான் திறக்கும்.

செல்வி மெதுவாகச் சொன்னாள்: "பேரு இல்லன்னா மாப்ள வூட்ல என்னா நெனப்பாங்கக்கா? நான் ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேராதவன்னு இப்பவே ஒரு பேச்சு ஓடுது."

வல்லம் உங்கள் கோயிலுக்கு உட்பட்ட பங்கிலேயே இல்லையே, இங்கே ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பொண்ண எங்க கட்டிக் குடுத்தாலும் தலப்புள்ள அம்மா வூட்லதாங்க பொறக்கும். இங்கியே ஞானஸ்நானம் குடுத்துட்டுத்தான் அனுப்புவோம். இவ சூசை கொத்தனார் வூட்டுப் பேத்தி. புஸ்தகத்துக் கடைசில வூட்டு வாரியா எழுதி வெச்சிருந்தாங்களே, அதப் பாத்தாப் போதும். நீங்கதான் கிறுக்கல்னு படம் புடிக்காம உட்டுட்டீங்க."

எனக்கு முகம் சுட்டது. என் அடுக்கில் இந்தப் பங்கின் ஆறு ஊர்களுக்கு ஆறு பெட்டிகள். தந்தையின் ஊர் அந்த ஆறில் இல்லாவிட்டால் "மற்றவை". நாலைந்து பேர் விழுவார்கள் என்று நினைத்து அதற்கு ஆண்டு வரிசைகூடப் போடவில்லை, தேடலிலும் சேர்க்கவில்லை. திறந்து பார்த்தேன். அறுநூற்றுச் சொச்சம் படங்கள். வெளியூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களின் மூத்த பிள்ளைகள் அத்தனை பேரையும் அதில் கொட்டி வைத்திருந்தேன்.

கையெழுத்தைக் கணினி படிக்காது. மூன்று பேரும் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மதியம் ஸ்டெல்லா கேப்பைக் கூழும் கருவாடும் கொடுத்தார். மணி இரண்டு நாற்பதுக்குச் செல்வி திரையைத் தொட்டாள். தகப்பன் ஊர் வல்லம். ஓரத்தில் சாய்ந்த எழுத்தில் "சூசை கொத்தனார் வீட்டு மகள் பிள்ளை". அவள் அழவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான்தான் கொஞ்சம் அழுதேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர். வழியெல்லாம் மடியில் கணினியை வைத்து அடுக்கை மாற்றினேன். முதலில் தாய் வீடு, அதன் கீழ் ஆண்டு. தத்து, முறிந்த கல்யாணம் என்று அந்தப் பக்கங்களின் ஓரங்களில் ஊருக்குத் தெரியக் கூடாதவையும் உண்டு. கல்லூரியில் எல்லோருக்கும் திறந்து வைத்தது போல இங்கே வைக்க முடியாது. சாவி ஸ்டெல்லாவிடம் மட்டும்.

நூலகர் ரவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"இங்க வந்து அதே மாதிரி மாத்திடாதீங்க மேடம். எங்க பசங்க கைடு பேரச் சொல்லித்தான் தீசிஸ் கேட்டுக்கினு வர்றாங்க. யாரு வூட்டுப் பேரன்னு கேட்டா பேஜாராயிடும்."

சிரித்தேன். அங்கே எதையும் தொடவில்லை.

ஞாயிறு காலை தாம்பரத்தில் வீட்டில் இருந்தபோது ஸ்டெல்லா அழைத்தார். "மொத ஓல வாசிச்சாச்சுங்க."

போனை வைத்த பிறகுதான் யாரு வூட்டுப் பொண்ணு என்ற ஆட்டோக்காரரின் கேள்வி நினைவுக்கு வந்தது. நானும் என் அம்மாவுக்குத் தலைப்பிள்ளை. பிறந்தது ஆரணியில், அம்மாவின் அப்பா வீட்டில். அந்த ஊர் ஏடுகளை நான் அடுக்கியிருந்தால், என்னை "மற்றவை"யில்தான் போட்டிருப்பேன்.