அப்பாவின் கார் எப்படி நின்றது?

டக்கென்று நின்றதா, திணறித் திணறி நின்றதா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரை ஒரு காரைப் பற்றிய கேள்வியோடு தொடங்கலாமா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "காரை விட்டுட்டு உங்கப்பாவைப் பத்தி என்னத்த எழுதுவே?" என்றார். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். பொருத்தமில்லை என்று நினைக்கும் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அப்பா திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். பங்குச் சாமியாரின் உதவியால் தொழிற்பயிற்சி முடித்து, ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை தர ஆய்வுப் பிரிவிலேயே இருந்தார். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போயிற்று. இரண்டு அத்தைகளின் திருமணமும் முடிந்த பிறகுதான் தன் திருமணத்தைப் பற்றி யோசித்தார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. எனக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது பிள்ளை அந்தக் கார்தான் என்று அம்மா சொல்வார்.

வேலையை விட்டுப் போன ஒரு மேலதிகாரியிடமிருந்து அப்பா அதை வாங்கினார். ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர் இருக்கும் பழைய பெட்ரோல் கார். முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். முழங்கால் தேய்ந்துபோன அம்மா காலை அதிகம் மடக்காமல் ஏறி உட்கார இன்றைக்கும் அந்த ஒரு வண்டிதான் வசதி.

அந்தக் காருக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடிச் சூடான பிறகு, வெயில் நேரத்தில், கூட்டமான சாலையில் நின்றுவிடும். உடனே சாவியைத் திருப்பினால் கிளம்பாது. அப்பா இறங்கி பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, அதனால்தான் நிற்கிறது என்பது அப்பாவின் கணிப்பு. ஈரத்துணிக்கென்று வண்டியில் ஒரு பழைய துண்டும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும்.

சென்னீர்குப்பத்தில் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலை அண்ணன் இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவர் அப்பாவின் நண்பர், மெக்கானிக், எதிர்க்கட்சி எல்லாம். கோளாறு கண்டென்சரில் இருக்கிறது என்பார் அவர். பிளக்கில் தீப்பொறி ஒழுங்காக வருவதற்கு உதவும் விரல் அளவுச் சாமான் அது. சூடானால் படுத்துவிடும், ஆறினால் எழுந்துவிடும்.

"இன்னா சார், மறுபடியும் ஈரத்துணியா? காருக்கு இன்னா ஜொரமா?"

"ஜொரந்தான்யா. துணி போட்டா எறங்குதுல்ல."

"துணி போடாகாட்டியும் எறங்கும் சார். சும்மா குந்திக்கினு ஒரு டீ சாப்டு, தானா ஸ்டார்ட் ஆவும்."

இங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. துணி போட்டாலும் கொஞ்ச நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். அப்படியானால் காரைக் கிளப்பியது துணியா, காத்திருந்த நேரமா? கல்லூரியில் இயற்பியல் படித்தவள் நான். அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்படிக் கேளு தாயி. அடுத்த தடவ துணி போடாம பாப்பம்" என்றார். அடுத்த தடவை துணி போடவில்லை. கார் கிளம்பியது. ஆனால் அன்றைக்கு மழை வருகிற மாதிரிக் காற்றும் அடித்தது. "காத்தே துணி மாதிரி ஆயிப்போச்சு, இது கணக்குல சேராது" என்று அப்பாவே தள்ளிவிட்டார்.

இன்னொரு நாள் கார் பட்டறை வாசலிலேயே நின்றது. இருவருக்கும் அத்தனை சந்தோஷம். உடனே பிளக் வயரைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தார்கள். பொறி நீலமாக வந்தால் கண்டென்சர் நல்லது, மஞ்சளாக வந்தால் கெட்டது. உச்சி வெயிலில் இரண்டு தலைகளும் பானெட்டுக்குள் குனிந்தன. அப்பா நீலம் என்றார், ஏழுமலை அண்ணன் மஞ்சள் என்றார்.

"சார், கண்ணாடிய தொடச்சிக்கினு பாரு சார்!"

"யோவ், நீ மொதல்ல போயி கண்ணாடி ஒண்ணு வாங்குய்யா!"

பம்பு, கண்டென்சர் இரண்டையும் மாற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் அப்பாவின் குணம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது தொழிற்சாலையில் அவர் பழகிய முறை. "ரெண்டையும் மாத்திச் சரியாயிட்டா, எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்ல" என்பார். என் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தபோது நான் சோப்பு, பால், துணிக்குப் போடும் பவுடர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். தடிப்பு போய்விட்டது. "எது ஒத்துக்கலன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று அப்பா கேட்டார். குழந்தைக்குச் சரியானால் போதாதா என்று அன்றைக்கு எனக்குக் கோபம். இப்போது ஒவ்வொரு முறை சோப்பு வாங்கும்போதும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

சரி, ஒன்றைத்தான் மாற்றுவது என்றால் அந்த ஒன்று கிடைக்க வேண்டுமே. புதிதாக வருகிற கண்டென்சர்களில் பாதி, போட்ட வாரமே போய்விடும். பம்புக்கான ரப்பர் இப்போது வருகிற பெட்ரோலுக்குத் தாங்குவதில்லை என்கிறார்கள். அப்பா ஞாயிறு பூசை முடிந்ததும் அம்பத்தூர், பூந்தமல்லி, புதுப்பேட்டை என்று கிளம்பிவிடுவார். கடையில் சாமானின் பெயரைச் சொல்ல மாட்டார். கழற்றிய பழையதை டிபன் பையிலிருந்து எடுத்துக் கல்லாமேல் வைப்பார். பெயரைச் சொன்னால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத் தருவார், பொருளைப் பார்த்தால்தான் அதற்குப் பொருந்துவதைத் தேடுவார் என்பது அவர் கண்டது.

அந்தக் காரில் பிறர் பிரசவத்துக்குப் போனதும், கல்யாணப் பெண்கள் வந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். என் பிரசவத்தன்று கரையான்சாவடியில் அது நின்றது. என் வீட்டுக்காரர் பதறிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். "ஏத்திட்டுப் போங்க மாப்ள, தப்பில்ல. ஆனா இது இப்ப கெளம்பிரும்" என்றார் அப்பா, துணியைப் பிழிந்துகொண்டே. நாங்கள் ஆட்டோவில் போனோம். காட்டுப்பாக்கம் தாண்டுவதற்குள் அப்பாவின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சென்ற ஆண்டு ஒரு காலை அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் குடிவந்த பாரிவாக்கம் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அம்மா காபியோடு வரும்போது சாய்ந்து கிடந்தார். நான் மகளைப் பள்ளியில் விடப் போயிருந்தேன். "திடீர்னு சாஞ்சாரா, முன்னாடியே ஏதாவது முடியலன்னு சொன்னாரா?" என்று மருத்துவர் கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பயனில்லை என்று அவரே பிறகு சொன்னார். ஆனாலும் அம்மா அடிக்கடி என்னைக் கேட்பார், நானும் அம்மாவைக் கேட்பேன்.

கார் பல மாதம் உறை போட்டபடியே நின்றது. நினைவுத் திருப்பலிக்கு நாள் குறித்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். ஆவடிக் கோயிலுக்கும் அங்கிருந்து கல்லறைக்கும் அப்பாவின் காரில்தான் போக வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியும், அப்பாவே பழக்கியதுதான். ஆனால் நடுச்சாலையில் நின்றுவிட்டால்?

ஏழுமலை அண்ணன் வந்து, பேட்டரி மாற்றி, கெட்டுப்போயிருந்த பெட்ரோலை இறக்கி, எல்லாவற்றையும் சுத்தம் செய்து கிளப்பிக் கொடுத்தார். "கொஞ்சம் தூரம் ஓட்டிக் காட்டும்மா" என்றார். தாத்தா கார் என்று அடம்பிடித்து என் மகளும் ஏறிக்கொண்டாள். ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலில், பேருந்து வெளியே வருகிற இடத்தில், கார் நின்றது.

"ஏம்மா, வண்டிய ஓரங்கட்டு! பஸ்சு வருது கண்ணு தெர்ல?"

யாரோ காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். மகளின் பாட்டில் தண்ணீரை என் துப்பட்டாவில் ஊற்றிப் பம்பின் மேல் போட்டுவிட்டு ஏழுமலை அண்ணனுக்கு போன் செய்தேன்.

"டக்குனு நின்ச்சா, இல்ல தெணறித் தெணறி நின்ச்சா?"

"தெரியலண்ணா."

"இன்னாம்மா, நீதானே ஓட்டிக்கினு இருந்தே? டக்குனு நின்னா கண்டென்சரு. தெணறிச்சுன்னா உங்கப்பா சொன்ன கேசு. அவ்ளோதான் மேட்டரு."

நான் பின்னால் வந்த பேருந்தையும் மகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளிடம் கேட்டேன். "கார் தும்முச்சும்மா" என்றாள். தும்மல் என்றால் திணறல்தானே என்று எனக்கு ஒரே பரபரப்பு. "நெஜமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தும்மலம்மா" என்றாள். மறுபடி கேட்டதற்கு, தும்மியது தான்தான் என்றாள். அதற்குள் கார் கிளம்பிவிட்டது. துணியாலா, நேரத்தாலா? அதுவும் தெரியவில்லை.

கண்டென்சரை நான் கணினியில் படம் பார்த்து வரவழைத்தேன். வந்ததில் திருகு போடும் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பிறகு அப்பாவைப் போலவே பழையதை எடுத்துக்கொண்டு அவர் வழக்கமாகப் போகும் அம்பத்தூர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சார் வண்டியோடதாச்சே. சார் ஏன் வரல, ஊருக்குப் போயிட்டாரா?" என்றார். சொன்னேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். ஆணியில் கம்பியில் கட்டி ஒரு செத்துப்போன பெட்ரோல் பம்பு தொங்கியது. "காயலாங்கடையில கெடச்சதாம். இதே மாதிரி நல்லது எங்கயாவது வந்தா வாங்கி வைங்கன்னு சாம்பிளுக்கு விட்டுட்டுப் போனாரு. போன மாசந்தான் ஒண்ணு வந்துச்சு மேடம். எடுத்து வச்சிருக்கேன்." பொருந்துகிற கண்டென்சரும் அவரிடமே இருந்தது. பழைய பம்பு அங்கேயே இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆக, இப்போது இரண்டும் கையில் இருக்கின்றன. "ரெண்டையும் மாட்டிர்றேன், ஜோலி முடிஞ்சிது" என்கிறார் ஏழுமலை அண்ணன். சொல்லிவிட்டு அவரே, "ஆனா மாட்டிட்டா அப்பால யாரு ஜெயிச்சாங்கன்னே தெரியாது" என்று தரையைப் பார்த்தார். குழந்தையை வைத்துக்கொண்டு இதில் என்ன ஆராய்ச்சி என்று எனக்கும் தோன்றியது. இரண்டையும் மாட்டச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவிடம், வழியில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நின்றுவிட்டால் உங்களுக்குத்தானே சிரமம் என்றேன்.

"நின்னா நிக்கட்டும். உங்கப்பாகூட நான் நிக்காத எடமா?" என்றார் அம்மா.

அதனால் ஒன்றையும் மாற்றவில்லை. என் மகள் அவள் அப்பாவுடன் பின்னால் வேறு வண்டியில் வருவாள். அம்மாவும் நானும் அப்பாவின் காரில், துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக, சீக்கிரமே கிளம்புவதாக இருக்கிறோம். ஏழுமலை அண்ணன் பின்சீட்டில் இருப்பார். இந்த முடிவு சரியா என்று இதை எழுதும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பாவின் இறுதி நாளில் ஓடி வந்த பாரிவாக்கம் அண்டை வீட்டார், எல்லாச் செலவையும் அலைச்சலையும் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்ட குவார்ட்டர்ஸ் நண்பர்கள், ஊரிலிருந்து இரவோடு இரவாக வந்த அத்தைகள், பங்குத்தந்தை, அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட பங்கின் அன்பியக் குழுவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எந்தெந்தச் சாலையிலோ இறங்கி அந்தக் காரைத் தள்ளிவிட்ட பெயர் தெரியாதவர்களுக்கும் நன்றி.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் அப்பாவின் காரில் ஏறாதவர்கள் குறைவு. அது நின்றபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் பலர் இருப்பீர்கள். நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்திருந்தால் கார் கோயில் வாசலில் நிற்கும். திருப்பலி முடிந்து சாப்பிட்டதும் அதன் பக்கத்தில் வாருங்கள். ஏழுமலை அண்ணனும் அங்கேதான் இருப்பார், புதிய சாமான்கள் இரண்டும் டிக்கியில் இருக்கும். யோசித்து, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். உங்களோடு போனபோது அது டக்கென்று நின்றதா, திணறித் திணறி நின்றதா? நாங்கள் முதலில் எதை மாற்றட்டும்?