சிறகவரை பூத்தபோது நான் சொன்னது

ராணி அக்காவின் கண் பொல்லாதது என்று இந்த ஒழுங்கைச் சனம் முழுவதையும் பேச வைத்தவள் நான்தான். அது பொய்யென்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பவளும் நான்தான்.

முள்ளியவளையில் அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி மட்டுமே. தனி மனுசி, பிள்ளைகுட்டி இல்லை. ஆனால் இந்த ஒழுங்கையில் பிறந்த பிள்ளைகளை முதன்முதல் குளிக்க வார்த்தவர் அவர்தான். காலை நீட்டி, பிள்ளையைக் காலில் கிடத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்ப்பார். என் மகனுக்கும் அப்படித்தான் வார்த்தார். அதைவிட அவருக்கு வேறு சந்தோசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் வேலிப் பொட்டுக்குள்ளால் கையை நீட்டி ஒரு பிடி சிறகவரை விதை தந்தார்.

"மாரி தொடங்கத்தான் பூக்கும் பிள்ளை. அவசரப்படாதை."

ஓம் ஓம் என்றேன். காதில் விழுந்தது... மனதில் நிற்கவில்லை.

கொடியா அது! பந்தலை மூடி, வேலியில் தாவி, முருங்கையிலும் ஏறிவிட்டது. ஒருநாள் ராணி அக்கா வந்து பார்த்து, "என்ன செழிப்பு பிள்ளை, என்ர கண்ணே பட்டிடும்" என்று சிரித்தார். சும்மா சொன்ன கதை. ஆடி போனது, ஆவணியும் போனது. இலைதான், ஒரு பூ இல்லை.

வயிற்றில் பிள்ளையோடு இருந்த முன்வீட்டு வசந்தி, "உது ஆட்டுக்குத்தான் சரியக்கா" என்று பகிடி பண்ணினாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"ராணி அக்கா வந்து பார்த்திட்டுப் போனவா. அதுக்குப் பிறகுதான் இப்பிடி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கடையடியிலும் கோயிலடியிலும் மிச்சத்தை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வேலிப் பொட்டை நான் தகரம் வைத்து அடைத்தேன்.

ஐப்பசி மழை விழுந்தது. ஒருநாள் காலை எழும்பிப் பார்த்தால்... பந்தல் முழுக்க நீலப் பூ. மாரி தொடங்கத்தான் பூக்கும் பிள்ளை. அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. அன்றைக்கே தகரத்தைக் கழற்றியிருக்கலாம் அல்லவா? ஏன் செய்யவில்லை?

அந்த நேரம் பார்த்து வசந்தி வந்தாள். "என்னக்கா, இப்ப மட்டும் பூத்துக் கொட்டுது?"

"உப்பும் மிளகாயும் சுத்தி நெருப்பில போட்டனான். நாவூறு கழிஞ்சிட்டுது."

நான் எதையும் சுற்றவில்லை, நெருப்பில் போடவுமில்லை. பூக்கும் காலம் தெரியாதவள் என்று அவள் சிரித்துவிடுவாளே... அதற்காகத்தான். முதலில் சொன்னதை அறியாமை என்று தேற்றிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வேன்? நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

வசந்தி கேட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு போனாள்.

தையில் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. குளிக்க வார்ப்பதற்குப் புதுக்குடியிருப்பிலிருந்து யாரோ ஒரு மனுசியை பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். தண்ணீர் பட்டுப் பிள்ளை வீரிட்ட சத்தம் எனக்கே கேட்டது. ராணி அக்காவுக்குக் கேட்காமல் இருந்திருக்குமா?

காய்களில் பாதி அவர் பக்கம்தான் தொங்குகின்றன. ஒன்றையும் அவர் பறிப்பதில்லை.

நேற்று வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் வந்தாள். வாசல் படலையில் நின்ற ராணி அக்கா அவளைக் கண்டதும், யாரும் சொல்லாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் இந்தப் பக்கம் மடி நிறையக் காயோடு நின்றேன். கூப்பிடவில்லை.