குறுக்கு வகிடு

ரத்னாவின் தலையில் இரண்டு வகிடு. ஒன்று நெற்றியிலிருந்து பின்னால் போவது. அதை அவள் தினமும் சீப்பால் எடுத்தாள். மற்றது உச்சியில் ஒரு காதிலிருந்து மறு காதுக்குக் குறுக்கே போவது. அதைக் கூடைக் கயிறு எடுத்தது. இருபத்தாறு வருடமாகத் தேயிலைக் கொழுந்துக் கூடையின் கனத்தைத் தலையில் தாங்கிய கயிறு, அந்த இடத்து முடியைத் தேய்த்துத் தேய்த்து ஒரு தடமே போட்டுவிட்டிருந்தது. நாற்பத்தைந்து வயதில் நரை மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. அந்தத் தடத்தில் மட்டும் என்ன கோபமோ, குடும்பத்தோடு வந்து குடியேறிவிட்டது.

நரையைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததில்லை. தேயிலை மலையில் யார் யார் முடியைப் பார்க்கிறார்கள்? எல்லார் தலையிலும் ஒரு துணி, துணிக்கு மேலே ஒரு கயிறு. கவலையெல்லாம் அவள் புருஷன் தங்கவேலு வரப்போகிறார் என்ற சேதி வந்த பிறகுதான்.

தங்கவேலு கட்டாருக்குப் போய் நாலு வருடம். அவர் போன மறு வருடம், ஒரு மழை நாளில் ரத்னா மழைநீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கி ஒரு மாதம் படுத்துவிட்டாள். போனில் அதைப் பார்த்து அவர் அழுதார். "இனி மலைக்குப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். அவளும் முழு மனதோடுதான் பண்ணினாள். கால் தேறியபின் பதினொரு நாள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள்.

அந்தப் பதினொரு நாளை அவள் இன்னும் மறக்கவில்லை. மகள் தக்ஷிகா கொழும்பில் துணிக்கடை வேலையில். தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் கடிகாரம், வெளியே பீலிக் குழாயில் சொட்டும் தண்ணீர், அடுக்கில் கவிழ்த்த இரண்டு கோப்பை. அவர் இல்லை என்பது அந்த நாலு சுவருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மலையில் அப்படியில்லை. வட்டகொடைப் பள்ளத்திலிருந்து பனி மேலேறி வந்து நிரைகளை ஒவ்வொன்றாக மூடும். கை தன்பாட்டுக்குக் கிள்ளும். மனசு தன்பாட்டுக்கு நடக்கும். இரண்டு நிரை கீழே பனிக்குள் தங்கவேலு நடந்து வருவார். கழுத்தில் துண்டு, கையில் தேத்தண்ணிப் போத்தல். அவள் அவரோடு கறி என்ன வைத்தாள், தக்ஷிகா என்ன சொன்னாள் என்றெல்லாம் பேசிக்கொண்டே போவாள். "யாருகிட்டடி பேசுற?" என்று அடுத்த நிரையில் ராசம்மா கேட்பாள். "செடிகிட்ட" என்பாள் ரத்னா. பனி விலகும்போது அவரும் போய்விடுவார். அதில் அவளுக்கு வருத்தமில்லை, நாளைக்கும் பனி வரும்.

ஆக, பொய் தொடர்ந்தது. மாலை ஏழு மணிக்கு அவர் வீடியோவில் வருவார். அவள் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "குளிருதுங்க" என்று உட்கார்வாள். ஈரத்தில் போன் கண்ணாடி மங்கும். பேசப் பேசக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்த லயத்தில் பன்னிரண்டு வீடு சேர்ந்து மூன்று வருடம் மறைத்தது.

இப்போது சனிக்கிழமை ஆளே வருகிறார். சந்தோஷத்தில் ஒரு நிமிடம் நின்றவள், அடுத்த நிமிடம் உச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மலையை விட்டு மூன்று வருடமானவள் தலையில் இந்தத் தடம் இப்படிப் பளிச்சென்று இருக்குமா? திட்டுவாரே என்ற பயமில்லை அவளுக்கு. ஒன்றும் சொல்லாமல் முகம் வாடிப் போவாரே, அதுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், 'பத்தே நிமிடத்தில் கருமை' என்று போட்டிருந்த கறுப்பு மருதாணித் தூள் ஒன்றை வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டு நிஷாந்தி நுவரெலியாவில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறவள். பொட்டலத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"மருதாணி செவக்கும்க்கா, கருக்காது. பத்து நிமிசத்துல கருக்குதுன்னா உள்ள வேற என்னமோ கலந்திருக்கு. என்ன சேத்திருக்குன்னும் போடல, எப்ப முடியுதுன்னு தேதியும் இல்ல. மொகம் வீங்கி வந்தவங்கள நான் பாத்திருக்கேன்."

மறுநாள் அவளே ஒரு தலைச்சாயப் பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே இரண்டு குழாய், ஒரு சோடி கையுறை, தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த தாள். நிறம் கருங்கறுப்பு இல்லை, கரும்பழுப்பு.

"கறுப்புன்னா கறுப்பா இருக்க வேணாமா?" என்றாள் ரத்னா.

"கருங்கறுப்பு ஒங்க மொகத்துக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். இதுன்னா பாக்குறவங்களுக்குத் தெரியாது."

பிறகு இரண்டு குழாயிலிருந்தும் கடுகளவு எடுத்துக் குழைத்து, ரத்னாவின் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்தாள். ரெண்டு நாள் அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, சொறிந்தாலோ சிவந்தாலோ இந்த மருந்தே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். முன்னே போட்டு ஒத்துக்கொண்டவர்களுக்கும் ஒவ்வொரு தடவையும் இது உண்டாம்.

அந்த இரண்டு நாளும் ரத்னா பொட்டு வைத்த கையோடு மலையில் நடந்தாள். பனிக்குள் தங்கவேலு வந்து, "கையில என்ன?" என்று கேட்டார். "ஒங்களுக்காகத்தான்" என்றாள். கூடை நிறைந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

புதன் மாலை வரை கையில் ஒரு அரிப்பும் இல்லை. அவளுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. ஆனால் நிஷாந்தி தலைத்துணியை விலக்கி, முடியைப் பிரித்துப் பார்த்தவள், அப்படியே நின்றாள்.

"என்னக்கா இது, உச்சியில தோல் உரிஞ்சு கெடக்கு?"

பழைய கயிறு இற்றுப்போய், மூன்று வாரமாக நைலான் கயிறு. துணியை நாலாக மடித்து வைத்தும் தடம் நெடுக அறுத்திருந்தது. மலையில் எல்லார் தலையிலும் எப்போதாவது இருக்கும் காயம்தான். ரத்னா அதை ஒரு காயமாகவே எண்ணியதில்லை.

"புண்ணுல இந்த மருந்து படவே கூடாது. ஆறட்டும்."

வியாழனும் வெள்ளியும் ரத்னா மலைக்குப் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளி மத்தியானம், விடுமுறையில் இருந்த நிஷாந்தி வந்து பார்த்தபோது, ஓரம் காய்ந்திருந்தது, நடு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக்கூடாதா? இன்னைக்குப் போடாம இருக்கறதுதான் சரி. ஒரு வாரம் கழிச்சுப் போடுவோம்."

"ஒரு வாரம் கழிச்சு யாருக்குப் போடுறது?" என்றாள் ரத்னா. நிஷாந்தியால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. புண்ணையும் அதைச் சுற்றி மூன்று விரல் அகலத்தையும் விட்டுவிட்டு, மற்ற இடத்துக்கு மட்டும் போடுவதென்று முடிவாயிற்று.

சன்னலைத் திறந்து வைத்தார்கள். நெற்றி ஓரம், காது மடல், புண்ணைச் சுற்றி எல்லாம் வாசலீன் தடவினார்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் குழைத்தபோது மூக்கை உறுத்தியது. வழிந்தால் தொட்டுவிடுவாள் என்று ரத்னாவுக்கும் ஓர் உறையை நீட்டினாள் நிஷாந்தி.

ரத்னா தன் விரல்களை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். கொழுந்துக் கறை பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் வெடிப்புக்கு வெடிப்பு ஏறிக் கறுத்துக் கிடந்தது. "இந்தக் கறைக்கு மேல எந்தக் கறைடி ஒட்டப்போகுது?"

தாளில் அரை மணி நேரம் என்று இருந்தது. நிஷாந்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ரத்னா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வரும் ரயில் நானுஓயா வரை போகாமல் இங்கேயே நிற்கிறது. அவர் இறங்குகிறார். கல்யாணத்தன்று போலவே இருக்கிறாள் அவள், கால் வழுக்கியதில்லை, கயிறு பட்டதில்லை, பொய் சொன்னதில்லை. அந்த அரை மணி நேரம் முடியாமலே இருந்திருக்கலாம்.

அலசி, துடைத்து, கண்ணாடியைப் பார்த்தாள். முடி அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் வினை. சுற்றிலும் கருத்துவிட்டதால், நடுவே காதுக்குக் காது ஓடிய வெள்ளைத் தடம் முன்னைவிடப் பத்து மடங்கு எடுப்பாகத் தெரிந்தது.

நிஷாந்தி கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள். கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ரத்னா தூரிகையை எடுத்தாள். ஒரே இழுப்பு, அவ்வளவுதானே. உச்சியில் வைத்ததும் அரைத்த மிளகாயை அப்பியதுபோல் எரிந்தது. தூரிகையைப் போட்டுவிட்டுப் பீலிக்கு ஓடித் தலையைத் தண்ணீருக்கடியில் கொடுத்தாள். ஓடி வந்த நிஷாந்தி அவள் தலையைப் பிடித்து, எரிச்சல் அடங்கும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை. மிச்ச மருந்தை மட்டும், வைத்திருக்கக்கூடாது என்று கொட்டிவிட்டு வந்தாள். தண்ணீரோடு தண்ணீராக ரத்னா அழுதாள்.

சனிக்கிழமை மத்தியானம் ரயில் வந்தது. தங்கவேலு இளைத்திருந்தார்; மீசை நரைத்திருந்தது. கொழும்பிலிருந்து அவரோடு வந்த தக்ஷிகா பைகளை வீட்டில் இறக்கிவைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். ரத்னா சால்வையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே நின்றாள்.

"வீட்டுக்குள்ள எதுக்கு சால்வ? எடு, ஒன்னயப் பாக்கணும்."

எடுத்தாள். அவர் பார்த்தார். புண்ணில் படாமல், தடத்தின் ஓரமாக ஒரு விரலை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை மெதுவாக ஓட்டினார்.

"மலைய நான் விடலீங்க" என்றாள் ரத்னா. "பன்னெண்டாம் நாளே போயிட்டேன். இந்த வீட்ல தனியா இருக்க முடியலங்க."

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். "யாரு சொன்னாங்க?"

அவர் அவள் வலது கையை எடுத்து, கறுத்த கட்டைவிரலைத் தடவினார். "தெனமும் போனத் தொடச்சது இதுதானே. தலைய மறைக்கத் தெரிஞ்ச ஒனக்கு வெரல மறைக்கத் தெரியல."

"அப்ப ஏன் ஒருநாளும் கேக்கல?"

"கேட்டிருந்தா இதையும் மறைச்சிருப்ப" என்றார் தங்கவேலு. "அங்க எனக்குன்னு பாக்க இந்த வெரல் ஒன்னுதான் இருந்துச்சு."