இன்னும் அரைச் சுற்று

எங்கள் தெருவில் அவரை ‘அரைச்சுத்து’ என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சாரக் கட்டண அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. குழாய் வேலைக்காரர். எந்தக் குழாயை மாட்டினாலும், வேலை முடிந்துவிட்டதென்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு, ஸ்பானரை மறுபடி கையில் எடுப்பார். “இன்னும் அரைச் சுத்து” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்குவார். அவர் மாட்டிய குழாய் ஒழுகியதாகச் சரித்திரம் இல்லை. அதை யாரும் சுலபமாகத் திறந்ததாகவும் சரித்திரம் இல்லை. மாடிவீட்டுத் தையல்காரம்மா, தன் சமையலறைக் குழாயைத் திறக்க இரண்டு கைகளையும் ஒரு துண்டையும் உபயோகிப்பார்.

“பூகம்பம் வந்தா வீடு போயிடும்ணே, நீங்க மாட்டின குழாய் மட்டும் அந்தரத்துல நிக்கும்” என்று ஒருநாள் சொன்னார். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, மறுநாள் வந்து இலவசமாக இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனார்.

இந்தக் கொள்கையைக் குழாயோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நாட்டுக்கு ஒரு நல்ல தொழிலாளி மிஞ்சியிருப்பார். சர்க்கரை டப்பா, மருந்துப் புட்டி, கதவுத் தாழ்ப்பாள், பெற்ற மகன் என எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகினார். மகனின் தலைமுடி, சிநேகிதர்கள், சிரிப்புச் சத்தம் எதுவும் தப்பவில்லை. பையன் வளர்ந்ததும் உலக வரைபடத்தை விரித்து, அப்பாவின் ஸ்பானர் எட்டாத இடமாகப் பார்த்து, வியட்நாமில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்துவிட்டான்.

போன விடுமுறைக்கு வந்தபோது அம்மாவுக்கு அங்கத்திய காப்பி வடிகட்டி ஒன்று கொண்டுவந்தான். அதொன்றும் விண்வெளிச் சாமான் இல்லை. அடியில் துளைபோட்ட சின்ன உலோகக் கிண்ணம். உள்ளே, காப்பித்தூளின் மேல் உட்கார ஒரு துளைத் தட்டு, அதைக் கிண்ணத்தோடு இறுக்க நடுவில் ஒரு திருகு. மேலே ஒரு மூடி. டம்ளரில் முதலில் கெட்டியான இனிப்பு டின்பாலை ஊற்றி, அதன் தலையில் இந்தக் கிண்ணத்தை வைக்க வேண்டும். கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தூளை ஊறவைத்து, பிறகு நிறைய ஊற்றி, மூடிவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். சொட்டுவது குற்றம் என்று சட்டம் இருந்த வீட்டில் ஆயுள் முழுக்க வாழ்ந்த அம்மாளுக்கு, நடுமேசையில் பகிரங்கமாக ஒன்று சொட்டுவதைப் பார்க்க அப்படியொரு சந்தோஷம். அடுத்த அறையில் இருந்தவருக்கோ ஒவ்வொரு சொட்டும் மண்டையில் விழுந்தது.

ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் அந்த வடிகட்டியைச் ‘சரி செய்தார்’. திருகின் மரையில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மூன்று வரிசை சுற்றி, தட்டை அடிவரை இறக்கி, வழக்கமான அரைச் சுற்றையும் கொடுத்தார். சாயங்காலம் மகன் தூளைப் போடத் தட்டைக் கழற்றப் பார்த்தான். அசையவில்லை.

“அப்பா, இதுல டேப் சுத்துனீங்களா?”

“லூசா இருந்துதுப்பா. சொட்டிக்கிட்டே இருந்துது.”

“சொட்டுறதுக்குத்தாம்பா அது!”

“ஒழுகுற சாமானைக் காசு குடுத்து வாங்கிட்டு வர்றது. சரி பண்ணிக் குடுத்தா கோவிச்சுக்கிறது. நல்ல நியாயம்டா.”

“எதைத் தொட்டாலும் நெரிச்சுத்தான் விடுவீங்களா?”

மகன் கேட்டது காப்பியைப் பற்றியல்ல என்பது அம்மாவுக்கு விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியது, ஆனால் விளங்கியதைக் காட்டிக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இல்லை. பையன் இடுக்கியால் டேப்பைப் பிய்த்தெடுத்துவிட்டு, விடுமுறை முடியும் முன்பே ஊருக்குக் கிளம்பினான். அதன்பின் வந்த தொலைபேசி அழைப்புகளெல்லாம் அம்மாவுக்குத்தான்.

பிறகு ஒரு காலையில் அம்மாள் குளியலறை வாசலில் விழுந்தார். வலப்பக்கம் போய்விட்டது. பேச்சு பாதியாகிவிட்டது. செய்தியை மகனிடம் சொல்லும் பொறுப்பை அம்மாளின் தம்பி ஏற்றுக்கொண்டார். அவர் ஆயுள் காப்பீட்டு முகவர். முன்பின் தெரியாதவர்களிடம் அவர்களுடைய சாவைப் பற்றி மணிக்கணக்கில் சிரித்த முகத்தோடு பேசக்கூடியவர். சொந்த அக்கா விஷயத்தில் மட்டும் நா எழவில்லை. “லேசா தலைசுத்தல்டா மருமகனே, பயப்படாதே” என்று முடித்துவிட்டார். அதன்பின் மகன் அம்மாவிடம் பேச வேண்டுமென்று கேட்டபோதெல்லாம், “மருந்துல தூங்குறா” என்று சமாளித்தார்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்த மருத்துவர், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்கறதைக் குடுங்க” என்றார். கேட்டதையெல்லாம் கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் எப்போது தாராளமாகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

அம்மாள் எதுவும் கேட்கவில்லை. பால் கொடுத்தால் இரண்டு வாய், அதோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் இடக்கையால் அலமாரியைக் காட்டி, வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார்: “சொட்டுக் காப்பி... பையன் போட்டது.”

அரைச்சுத்து எழுந்து நின்றார். முப்பது வருஷத்தில் மனைவி அவரிடம் ஒரு பொருளைக் கேட்டது அதுதான் முதல்தடவை. இதுகூடச் செய்யாவிட்டால் அவர் என்ன மனுஷர்?

முதல் முயற்சியில் தட்டு தூளின்மேல் உட்கார்ந்ததும் கை தன்பாட்டுக்குத் திருகியது. வெந்நீர் மேலேயே நின்று ஆறிப்போனது. மறுநாள், அடைப்பெடுக்கும் தொழிலில் கரைகண்டவரல்லவா, கிண்ணத்தின் வாயில் தன் வாயை வைத்து ஊதினார். சமையலறைச் சுவரும் அவர் மூக்கும் ஒரே நிறமாயின.

மச்சினர் ஆலோசனைக்கு வந்தார். “மாமா, தூள் கரடுமுரடா இருக்கு. அதான் பிரச்சினை. நைசா அரைச்சு வாங்கிட்டு வந்திருக்கேன், பாருங்க.”

மாவு மாதிரி இருந்த அந்தத் தூள் துளைகளை அடைத்துக்கொண்டது. கொஞ்சம் தளர்த்தினால் எல்லாம் சேறாக இறங்கியது. அந்தச் சேற்றை அம்மாள் நாக்கில் வாங்கி, கணவரை ஒரு பார்வை பார்த்தார். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. இவரிடம் போய்க் கேட்டோமே என்று தன்மேலேயே பரிதாபப்பட்ட பார்வை.

“நீங்க ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும் மாமா” என்றார் மச்சினர்.

“இது மாடு இல்ல மாப்ளே. நீ கெளம்பு.”

நாள் போகப் போக அம்மாளுக்குப் பாலும் இறங்குவது குறைந்தது. தையல்காரம்மா தினமும் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போவார். ஒருநாள் சொன்னார்: “அண்ணே, பையனுக்கு ஒரு போன் போடுங்க. அவனைக் கேட்டாத் தெரிஞ்சிடப் போவுது.”

“ஒரு காப்பி போடத் தெரியாதா எனக்கு?”

“தெரியலையேண்ணே.”

காப்பி கைக்கு வரவில்லைதான். ஆனால் கௌரவம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இன்னும் சில நாள் ஓட்டினார். வீட்டில் உள்ள குழாய்களையெல்லாம் மறுபடி இறுக்கினார். கடைசியில், மனைவி அலமாரிப் பக்கம் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்ட அன்றைக்குத்தான் தொலைபேசியை எடுத்தார்.

“அம்மாவுக்கு என்னப்பா?” என்றான் மகன், எடுத்த எடுப்பில்.

“ஒண்ணுமில்ல. அந்தக் காப்பி எப்படிப் போடறது?”

மறுமுனையில் தொழிற்சாலை இரைச்சல் தள்ளிப்போய், ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மகன் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். கொரகொரப்பான தூள் இரண்டு கரண்டி. கிண்ணத்தை லேசாகத் தட்டித் தூளைச் சமப்படுத்த வேண்டும். திருகை இறுக்காமல் மேலேயே விட்டுத் தட்டைச் சும்மா வைக்க வேண்டும்.

“வெச்சுட்டுக் கையை எடுத்துருங்க.”

“ஒரு கால் சுத்து?”

“சுத்தே வேணாம்பா. கையை எடுங்க.”

கையை எடுத்து, நம்பிக்கையில்லாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசி கட்டில் ஓரத்தில் கிடந்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். முதல் சொட்டு வெள்ளைப் பாலில் விழுந்தது. அப்புறம் ஒன்று. அந்த வீட்டில் அவர் கண்ணெதிரே, அவர் சம்மதத்தோடு ஒன்று ஒழுகியது. அம்மாளின் முகத்தில் பாதி சிரித்தது.

கலக்கி, ஆற்றி, ஒரு கரண்டி எடுத்து உதட்டில் வைத்தார். வலக்கோடியில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துண்டால் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தார். அதுவும் வழிந்தது. மூன்றாவதில் புரையேறி, அம்மாளின் கண்ணில் நீர் வந்தது. தொண்டை மூடிக்கொண்டுவிட்டது. ஊரில் உள்ள ஒழுக்கையெல்லாம் நிறுத்தியவர், துண்டை வைத்துக்கொண்டு மனைவியின் முகவாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்பா? அம்மா குடிச்சாங்களா?”

“குடிச்சாப்பா” என்றார். “நல்லாருக்குன்னா.”

“அப்பாடா.” அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த மூச்சு கேட்டது. “மாமா என்னமோ மறைக்கிறாருன்னு பயந்துட்டேன்பா. வேலை போனாலும் போவுதுன்னு நாளைக்கு டிக்கெட் போட்டிருந்தேன். காப்பி குடிக்கிற அளவுக்கு இருக்காங்கன்னா சரி, இங்க ஆர்டர் சீசன் முடிஞ்சு நிதானமா வரேன். கேன்சல் பண்ணிடறேன். என்ன?”

அரைச்சுத்து வாயைத் திறந்தார். அது அவரே மாட்டிய குழாய் மாதிரி நின்றுவிட்டது.

“ம்” என்றார்.

அம்மாளுக்குப் போனது பேச்சில் பாதிதான். காது முழுசாக இருந்தது. இடக்கையைத் தூக்கி, இருட்டிப்போன தொலைபேசியைக் காட்டினார். கூப்பிடு என்று விரல் சொன்னது.

“நாளைக்குப் பேசிச் சொல்லிடறேம்மா. இப்ப வேலையில இருப்பான்.”

கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு போர்வையின் மேல் இறங்கியது. டம்ளரில் மிச்சமிருந்த காப்பியை வீணாக்கக் கூடாதென்று அவரே குடித்தார். மிகப் பிரமாதமாக இருந்தது.

நாளைக்கு என்று அவர் சொன்னது அந்த வாரம் முழுக்க நாளைக்காகவே இருந்தது. வாரம் முடியும்போது அம்மாள் இல்லை.

மகன் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தான். யாரோடும் பேசாமல் சமையலறையில் நின்று, கழுவிக் கவிழ்த்திருந்த வடிகட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். தட்டு தளர்வாக ஆடியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்தது.

“அன்னிக்கு அம்மா குடிச்சாங்கல்லப்பா?” என்று கேட்டான். “அது ஒண்ணுதாம்பா எனக்கு ஆறுதல்.”

உண்மையைச் சொல்ல அவருக்கு வாய்த்த கடைசித் தருணம் அது. மாடியிலிருந்து தையல்காரம்மாவின் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மகனின் முகத்தைப் பார்த்தார். கை தன்பாட்டுக்கு, எதையோ பிடித்திருப்பதுபோல் மூடிக்கொண்டது.

“குடிச்சாப்பா” என்றார். “முழு டம்ளரும்.”