திண்டிவனத்தில் தூங்காத வண்டி

திண்டிவனம் பக்கம் வல்லத்தில் ஒரு களத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளைப் பார்க்க முதலாளி இறங்கிப் போயிருந்தார். டிரைவரான நான் வண்டியோடு சாலையோரம் நின்றிருந்தேன். அப்போதுதான் ஃபிலோமினா அம்மா அழைத்தார்கள். விழுப்புரத்தில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருந்த சூசைராஜ் அண்ணனின் மனைவி. அண்ணனின் எண்ணிலிருந்து வந்தது அந்த அம்மாவின் குரல்.

“அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. காலைல பல்லு வெளக்கிக்கினு இருந்தாரு. மாரு வலிக்குதுன்னு படியில உட்காந்தாரு. அவ்ளோதான்.”

உட்கார்ந்தார் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பேசி முடித்ததும் வண்டியைப் பூட்டினேன், திறந்தேன். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன். களத்தின் கடைசி வரை நடந்து போய்த் திரும்பினேன். முதலாளி வந்ததும், “சூசைராஜ் அண்ணன் போயிட்டாருங்க” என்றேன். “ஏறு ஏழுமல. நேரா விழுப்புரம் போ” என்றார்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். புறவழிச்சாலை ஓரம் தகரக் கொட்டகைதான் அவருடைய ஷெட். பழைய வெளிநாட்டுச் சொகுசு ஜீப்புகளின் ஒயரிங் கோளாறு என்றால் திண்டிவனத்திலிருந்து அவரிடம்தான் போவார்கள். டீயை நடந்துகொண்டே குடிப்பார். சோற்றை நின்றுகொண்டு தின்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடக் கோவில் வாசற்படியில்தான் நிற்பார் என்று அந்த அம்மா குறைபட்டுக்கொள்வார்கள். அடக்கமானவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். “இந்த வண்டியத் தெறந்து உள்ள என்னா இருக்குதுன்னு பாத்தவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்” என்று என்னிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

எங்கள் முதலாளி திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். வானூர்ப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்திய ஒருவர் வெளிநாடு போகும்போது விற்ற அப்படியொரு ஜீப்புதான் அவருடைய வண்டி. தோல் இருக்கை, தானாக உயர்ந்து தாழும் உடம்பு, எங்கள் தெருவில் உள்ளதைவிட அதிகமான ஒயர். வாங்கிய முதல் மழையிலேயே கண்ணாடிகள் தாமாக இறங்கின. உள்ளூரில் காட்டினோம். நான்கு ஒயரை வெட்டி நேராக ஒரு ஒயர் இழுத்துவிட்டார்கள். கண்ணாடி நின்றது, ஹாரன் போனது. அப்படித்தான் நான் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன்.

அந்த நேர் ஒயரைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்தை மறக்க முடியாது. “டைரக்ட்டு குடுக்கறது வைத்தியமா? வண்டி அழுவுது. ஏன் அழுவுதுன்னு கேக்காம வாயப் பொத்திட்டானுங்க!” என்று குதித்தார். கூரைக் கண்ணாடியின் வடிகால் அடைத்து, தண்ணீர் உள்ளே ஒழுகி இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததைக் கண்டுபிடித்தார். ஒயர்களைப் பழையபடி சேர்த்தார். அன்றிலிருந்து எனக்கு அவரிடம் மரியாதை.

பிறகு வந்தது பேட்டரி வியாதி. ராத்திரி நன்றாக நின்ற வண்டி காலையில் அசையாது. புது பேட்டரி போட்டும் அதே கதை. மறுபடி விழுப்புரம் கொண்டுபோனேன். “இது பூட்டுனதும் தூங்காது ஏழுமல. உள்ள சின்னச் சின்ன மூளைங்க நெறைய இருக்குது. ஒவ்வொண்ணா அடங்கி, அரை மணி நேரம் கழிச்சுத்தான் தூங்கும். அப்பதான் கரண்டு எவ்ளோ கசியுதுன்னு பாக்க முடியும். எவனாவது கதவத் தொட்டா மறுபடி மொதல்லேருந்து” என்றார். சொல்லிவிட்டு, ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. டீ கொண்டுவந்தவரைச் சைகையாலேயே விரட்டினார். மீட்டரில் எண் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. சில நாள் அங்கேயே வைத்திருந்தார். ஒவ்வொரு காலையும் முதல் திருகலில் ஸ்டார்ட் ஆனது.

முதலாளியைப் போனில் கூப்பிட்டு, என் எதிரிலேயே தீர்ப்புச் சொன்னார். “வண்டில ஒண்ணும் கெடையாதுங்க. யாரோ உள்ள உட்காந்து ஏசி போட்டுக்கினு பாட்டு கேக்கறாங்க.”

என்னைத் தவிர வேறு யார் கேட்பார்கள்? வண்டி திண்டிவனம் திரும்பிய மறுநாளே செத்தது. முதலாளி சாவியை வாங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் செத்தது. எப்போதோ தொலைந்த இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று மண்டியில் பேசினார்கள். அண்ணன் சும்மா இருந்தாரா? டீக்கடை, டயர்க்கடை என்று போகிற இடமெல்லாம் இந்தக் கதைதான். டிரைவர்கள் எனக்கு ‘ஏசி ஏழுமலை’ என்று பேரே வைத்துவிட்டார்கள். அப்போது கண்டாச்சிபுரத்தில் என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பூ வைக்க நாள் குறிக்க வேண்டிய நேரத்தில், “கொஞ்ச நாள் போவட்டும்” என்று சொல்லி அனுப்பினார்கள். விழுப்புரத்தில் விசாரித்திருக்கிறார்கள். என் மகள் எடுத்துவைத்திருந்த புடவையைத் திரும்பப் பெட்டியில் மடித்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ் பிடித்துப் போய் ஷெட்டில் நின்று கத்தினேன். “உங்க வாயால எம் பொண்ணு கல்யாணம் நின்னு கெடக்குதுண்ணே! கண்டாச்சிபுரம் வரைக்கும் போயிருக்குது உங்க பேச்சு. சாவிய முதலாளி வச்சிருக்காரு, அப்பவும் பேட்டரி போவுது. நான் என்னா, ஆவியா உள்ள பூர்றனா?”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். “சாவி அவருகிட்ட இருந்துமா போச்சு?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு மீட்டரை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே திண்டிவனம் வந்தார். முதலாளி வீட்டு வாசலில் வண்டியைப் பூட்டி, பக்கத்தில் குந்தினார். எண் இறங்கியது. தூங்கப் போகிறது என்று பார்த்தால் சட்டென்று ஏறியது. மறுபடி இறங்கியது, ஏறியது. ரிமோட் சாவியின் சைகையை வாங்கும் சிறு பெட்டி ஒன்று வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. அதன் இணைப்பைப் பிடுங்கினார். வண்டி அடங்கித் தூங்கியது. மாட்டினார், விழித்தது. எழுந்து வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார். “என் ஷெட்டுல தூங்குச்சே, இங்க யாரு இத்த எழுப்பறாங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தவர், அடுத்த வீட்டு மொட்டைமாடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

அந்த வீட்டு டீச்சரம்மா தண்ணீர்த் தொட்டியில் புதிதாக ஒரு கருவி மாட்டியிருந்தார்கள். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே மோட்டார்ப் பெட்டிக்கு ஒயர் இல்லாமலே அது சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னார் அண்ணன். அணைத்தார்கள். ரிமோட் பெட்டி மாட்டியிருந்தும் வண்டி தூங்கியது.

“தொட்டி மோட்டாருகிட்ட பேசுது. இது தன்னத்தான் கூப்பிடறாங்கன்னு ராவெல்லாம் எழுந்து எழுந்து பாக்குது” என்றார். வழக்கமான குதிப்பு இல்லை. முதலாளியிடம் போனார். “தப்பு எம்மேலங்க. என் ஷெட்டுல தூங்குனா ஊர் ஒலகம் பூரா தூங்கும்னு நெனச்சிட்டேன். டிரைவர் மேல ஒண்ணும் இல்ல” என்றார். முதலாளி சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்த ரிமோட் பெட்டியைக் கழற்றிவைத்து, கதவைச் சாவி போட்டே திறக்கச் சொன்னார் அண்ணன். அதுவும் வாயைப் பொத்துகிற வேலைதான் என்று தானே சொல்லிக்கொண்டு, பிறகு வேறு பெட்டி வரவழைத்து மாட்டினார்.

கொஞ்ச நாளில் கண்டாச்சிபுரத்துக்காரர்கள் தாமாகவே வந்து நாள் குறித்தார்கள். தெய்வம் கண் திறந்தது என்று என் மனைவி சொன்னாள். கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார், பந்தியில் உட்காராமல் கேசரியைக் கையில் வாங்கித் தின்றுவிட்டுப் போனார். பழையபடி பேசிக்கொண்டோம், கிண்டல் செய்துகொண்டோம். ஆனால் எனக்குள் ஒன்று அடங்கவே இல்லை. முதலாளியிடம் ஒத்துக்கொண்டார், சரி. ஊரெல்லாம் இறைத்த பேச்சை யார் வாருவது? ஒவ்வொரு முறை ஷெட்டுக்குப் போகும்போதும் கேட்டுவிட வேண்டும் என்று போவேன். கேட்காமல் வருவேன்.

விழுப்புரத்தில் வீட்டு வாசல் கொள்ளாமல் டிரைவர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், தண்ணீர்க் கேனைத் தூக்கிவந்தேன், வந்த வண்டிகளை ஒதுக்கி நிறுத்தினேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. இனிமேல் கேட்கவே முடியாதே என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. அப்போது கையில் மாலையோடு என் கண்டாச்சிபுரம் சம்பந்தி உள்ளே போவதைப் பார்த்தேன். அவருக்கு ஒரு மொபெட்கூடக் கிடையாது. இங்கே என்ன வேலை?

வெளியே வந்தவரிடம் கேட்டேன். சம்பந்தி என்னைத் தெருவோரம் அழைத்துப் போனார்.

“இனிமே சொல்றதுக்கென்னங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் நல்ல வெயில்ல எங்க வூட்டுக்கு வந்தாரு. ‘அந்த டிரைவர் மேல தப்பு இல்லீங்க, என் வாய்தான் தப்பு. எங்கெங்க சொன்னனோ அங்கெல்லாம் போயி மாத்திச் சொல்லிட்டேன். கடைசியா உங்க வூடு’ன்னாரு. அதுக்கப்புறம்தான் நாங்க நாள் குறிக்க வந்தோம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல சம்பந்தி?”

“அவருதான் வாணாம்னாரு. ‘ஏழுமல கோவக்காரன். தெரிஞ்சா மறுபடி சண்ட ஆரம்பிச்சிடுவான்’னாரு.”

சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அவரை இறக்கினார்கள். என் மகளும் மருமகனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். வண்டி பழுது பார்க்கிறவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி என் மகளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வீடு திரும்பும் வழியில் சொன்னேன்.

போய் வாருங்கள், அண்ணே. நான் கோபக்காரன்தான். இனிமேல் ஆரம்பிக்க மாட்டேன்.