கல்வட்டம் பார்த்துவிட்டு வந்தால் குளிக்க வேண்டுமா

செத்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்கும் தீட்டு உண்டா? பட்டப்படிப்பு முடித்தும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

இந்தத் தொண்ணூற்றொன்றில் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் எங்களை ஒரகடத்துக்கு அப்பால் ஒரு கல்வட்டம் பார்க்க அழைத்துப் போனார். அவருக்கு மண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலை. விடுமுறை என்றால் பழைய இடங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். கைக்குழந்தைக்கு நெஞ்சுச் சளி. குளிப்பாட்ட வேண்டாம், துடைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே தூக்கிப் போகலாமா கூடாதா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாலாஜாபாத் பஸ்ஸில் போய் இறங்கி ஏரிக்கரையைத் தாண்டி நடந்தோம். முட்புதர் நடுவே பாறாங்கற்கள் வட்டமாகக் கிடந்தன. சேதப்படுத்தினால் தண்டனை என்று ஒரு நீலப் பலகை. ஓர் ஆடு அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் குழந்தையை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து மூக்கைத் துடைத்தேன். உட்காருவதும் சேதத்தில் சேருமோ என்று உடனே தூக்கிவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் திரும்பியபோது வீட்டுக்கார அம்மா வாசலில் கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போய்க்கினு வர்றீங்க?"

"கல்வட்டம் பார்க்கம்மா," என்றார் கணவர் பெருமையாக. "அந்தக் காலத்துல மனுஷங்களப் பொதைச்ச எடம்."

"சுடுகாட்டுக்கா? கொயந்தையத் தூக்கிக்கினா?"

"சுடுகாடு இல்லம்மா. ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு."

"ரெண்டாயிரம் ஆனா செத்தவன் எயுந்து வந்துடுவானா? அங்கியே நில்லுங்க. பொண்டாட்டிய சினிமாவுக்குக் கூட்டிக்கினு போறவன பாத்துக்கீறேன். நீ இன்னாடான்னா பொணம் பொதைச்ச எடத்துக்கு இட்டுக்கினு போற."

கிணற்றடியில் கணவர் சட்டையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டார். அடுத்து நான்.

"கொயந்தைக்கும் ஊத்து."

"சளிம்மா. டாக்டர் வேணாம்னுட்டார்."

வீட்டுக்கார அம்மா யோசித்தார். "அது கால் கீழ பட்டுச்சா?"

கணவர் என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். எனக்குப் பொய் வரவில்லை.

"கல்லு மேல உட்காரவெச்சேன்."

"கல்லு தானே, தரை இல்லியே. தலைக்கு வேணாம். வெந்நீர்ல காலை மட்டும் அலம்பு."

அலம்பினேன். பிறகுதான் தோன்றியது: கல்லில் பட்டது கால் அல்லவே. இடுப்புவரை அலம்பினேன். அப்போது சட்டை நனைந்தது. நனைந்த சட்டையைக் கழற்றியபோது காற்று பட்டது.

மறுநாள் இருமல் கூடி, குழந்தைக்கு மூச்சு இழுத்தது. டாக்டரிடம் ஓடினோம். ஊசி போட்டார். தேறிவிட்டாள். ஏரிக்காற்று என்றார் கணவர். முழுசாக ஊற்றாததுதான் என்றார் வீட்டுக்கார அம்மா. யார் தண்ணீர் ஊற்றச் சொன்னது என்றார் டாக்டர். மூன்று பேருக்கும் நான் தலையாட்டினேன்.

இப்போது கணவர், மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள் இருக்கும் வேறோர் இடத்தைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். வரும் ஞாயிறு போகலாம் என்கிறார். எனக்கும் பார்க்க ஆசைதான். பால் குடிக்கிற குழந்தையை யாரிடமும் விட்டுப் போக முடியாது. அவளுக்கு மறுபடி மூக்கு ஒழுக ஆரம்பித்திருக்கிறது. கைக்குழந்தையோடு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், தூக்கிக்கொண்டு போகலாமா, இந்த முறை அவரை மட்டும் அனுப்பிவிடலாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.