பத்தடி உயரத்தில் ஒரு முகம்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று, முத்தையாபுரத்தில் பஸ் திரும்புகிற முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். பத்தடி உயரம். அதில் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் கறுப்பாக இரண்டு சதுரம். மீசை எது, வாய் எது என்று தெரியவில்லை. துறைமுகத்து இழுவைக் கப்பலில் ஆயுசெல்லாம் வேலை பார்த்த மனிதர். அந்த வழியே போகிற லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். செத்தது யார் என்று அவர்களும் பெயரை வாசித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் படம் நான் எடுத்தது. கப்பல்காரர் ஒருவரிடம் அவர் வாங்கிக் கொடுத்த சின்ன டிஜிட்டல் கேமராவில், கோயில் திருநாள் அன்று எடுத்தேன். ஞானஸ்நானமோ புதுநன்மையோ கல்யாணமோ, எங்கள் குடும்பத்தில் படம் எடுப்பது நான்தான். சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுக்கிற கடைசிப் படத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படிப்பு எனக்கு நாலாவதோடு சரி. ஆனால் யாரை எங்கே நிறுத்தினால் முகத்தில் வெளிச்சம் விழும் என்பது தெரியும்.

அவருடைய தங்கை, என் நாத்தனார், பேனரைப் பார்த்துவிட்டு வந்தாள். பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, கூடியிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க அண்ணன் மொகத்த அங்கன தேடு தேடுன்னு தேடிட்டு வாரேன் மதினி. ஒங்க கேமராவுக்குப் பசிச்சா வேற எதையாவது தின்னக் கூடாதா?"

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவருக்காக இன்றுவரை நான் முழுசாக அழுது முடிக்கவில்லை. அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். பெட்டிப் படத்துக்கு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டாள். பிறகு வந்த இரண்டு புதுநன்மைக்கும் அவரேதான் வந்தார். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த பேனர் அவளுடையது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். ஆனாலும் சர்க்கரையும் கொதிப்பும் உண்டு, நெஞ்சில் குழாய் வைத்திருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. நான் இருப்பேன். இருப்பதிலேயே நல்ல கேமரா வாங்கி, அவள் உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துவிட வேண்டும். தலைச் சாயம் வகிட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றுவிடுவது, மேலுதட்டு முடி, கட்டின பல் இரண்டு மட்டும் வெளுத்திருப்பது, கழுத்து மடிப்பில் பவுடர் திட்டாகத் தங்குவது என எல்லாம் அதில் வர வேண்டும். முகத்தைத் தேடினாளே, இதில் தேட வேண்டாம். ஜெபமாலை உருட்டும்போதும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து, பழைய கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன். கேமராக் கடைக்காரர் உடன்குடிப் பக்கத்துக்காரர். வெடுக்கென்று பேசாத மனிதர்.

"யாருக்கு ஆச்சி, பேரனுக்கா?"

"எனக்குத்தான். இருக்கதுலயே தெளிவா எடுக்கதக் காட்டுங்க."

அவர் ஒன்றை எடுத்து, எதிர்ச் சாரியில் பழம் விற்கிற அம்மாளைப் பிடித்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கு தெரிந்தது. நகத்தில் வாழைக்கறை தெரிந்தது.

"இன்னும் பெருசாக்குங்க."

"போதும் ஆச்சி. அந்தம்மா மூக்குக்குள்ள போயிருவோம்."

எனக்கு மனசு குளிர்ந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். உலக்கைப் பூண் மாதிரி கனத்தது. நான் எடுத்த படத்தில் பழக்காரி இரண்டாகத் தெரிந்தாள்.

"கை ஆடுதுல்லா. இது அதையும் சேத்துல்லா காட்டும்" என்றார். "மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணும் வேணும்."

யோசித்தேன். ஸ்டாண்டை நட்டுவைத்துக்கொண்டு நின்றால் அவள் உஷாராகிவிடுவாள். ஸ்டாண்டு இல்லாமல் எடுத்தால் படம் கலங்கி, சுருக்கம் எல்லாம் மறைந்து, அவள் குமரி மாதிரி தெரிந்தாலும் தெரிவாள். வாங்குவதா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் தள்ளித் தருவதாக அவர் சொன்னார். அதில் இருக்கிற படங்களை எனக்கு எடுத்துத் தருவதற்காகக் கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டார்.

திரை முழுக்க என் வீட்டுக்காரர் வந்தார்.

கடற்காற்றுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். காலையில் சவரம் செய்ததில் விட்டுப்போன ரெண்டு வெள்ளை முடி தாடையில் இருந்தது. மூக்கோரத்து அம்மைத் தழும்பு இருந்தது.

"இது இந்தச் சின்னதுல எடுத்ததா?" என்று கேட்டேன்.

"ஆமா. நல்லா எடுத்திருக்கீங்களே. யாரு?"

சொன்னேன். பேனரைப் பற்றியும் சொன்னேன்.

"இந்தக் கார்டக் குடுத்திருந்தா இருவதடிக்கும் தாங்குமே ஆச்சி. கடைக்காரனுக்கு எப்படிக் குடுத்தீங்க?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் இறந்த அன்று காலையில் என் நாத்தனார் "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த இதே படத்தின் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் டியூப்லைட் மினுங்கியது. அதைத் தன் மகனுக்கு அனுப்ப, அவன் இன்னொருவனுக்கு அனுப்ப, அவன் பேனர் கடைக்கு அனுப்பியிருக்கிறான். கார்டு கேமராவோடு அலமாரியில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "கை மாறி மாறிப் போகயில படம் செத்துரும். அது ஒங்க கேமராக் குத்தம் இல்ல."

புதுக் கேமராவை மெதுவாக அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

"ஏன் ஆச்சி, புடிக்கலையா?"

"புடிச்சிருக்கு. ஆனா இத வாங்கிட்டுப் போனா, பழசு நொள்ளைன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும்லா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு, கார்டை நானே பேனர் கடைக்குக் கொண்டுபோய், அடித்து முடிக்கும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே துக்கப்படுவோர் பெயர் வரிசை வேண்டுமா என்று கேட்டார்கள். மனைவி என்று ஒரு சொல் போதும் என்றேன். பஸ் முனையில் கட்டவில்லை. என் நாத்தனார் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, உப்புக் கம்பெனிச் சுவரில், அனுமதி கேட்டுக் கட்டினேன். கதவைத் திறந்தால் அண்ணன்தான். அவள் மூன்று நாள் பின்பக்கம், குசினி வழியாகப் போய்வந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்தாள். தலைக்குப் புதுச் சாயம். பட்டுச் சேலை.

"அண்ணன் அப்படியே உயிரோட நிக்குது மதினி" என்றாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருங்க. எம்பயலுவ எதையாவது அனுப்பி, என்னையும் அந்த மாதிரி ஆக்கிப்புடுவானுவ. ஒங்க கையால எடுத்தாத்தான் எனக்கு நிம்மதி."

எதற்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கத் தயாராக இருந்தேனோ, அது தானே வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தது. சின்னக் கேமராவை எடுத்து, அதில் அவளைப் பார்த்தேன். பவுடர் கழுத்து மடிப்பில் திட்டாக இருந்தது. பொத்தானை அமுக்கினால் முடிந்துவிடும். அமுக்கிவிட்டால் அப்புறம் அவள் எதற்கு என்னிடம் வரப்போகிறாள்?

"வெளிச்சம் சரியில்ல ஏளா. இன்னொரு நாள் வா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தாள். அப்போதும் சரியில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். சாயம் பூசி, பட்டு கட்டி, மாடிப்படி வலிக்க வலிக்க ஏறி வருகிறாள். இது ஆறாவது ஞாயிறு. போன வாரம் உச்சிப் பொழுது, மேகமே கிடையாது, உப்பளம் முழுக்கக் கண் கூசியது. அன்றும் வெளிச்சம் சரியில்லை என்றேன். அவள் வானத்தை ஒருதரம் பார்த்தாள், என்னை ஒருதரம் பார்த்தாள்.

நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவளுக்குச் சீனி போடவில்லை.